ஒரு லிட்டர் கேட்கும் சட்டகம்: வீட்டில் 4×5 ஷீட் ஃபிலிம் கழுவ மாட் 54

கறுப்பு வெள்ளை ஷீட் ஃபிலிமை, அதாவது சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிமை, வீட்டிலேயே கழுவுவதற்குக் கிடைக்கும் கருவிகளில், மாட் 54 என்ற பிளாஸ்டிக் சட்டகத்தையே நான் தொடர்ந்து பயன்படுத்திவருகிறேன். இங்கிலாந்தில் உருவான இது தனியாக இயங்கும் டேங்க் அல்ல. பேட்டர்சன் நிறுவனத்தின், ஒளி புகாத மூன்று ரீல் டேங்கில், வழக்கமாக 35 மி.மீ. ரீல்களை அடுக்கும் இடத்தில், அதே நடுக்குழாயின் மீது இதைச் செருக வேண்டும். 4×5 அங்குல ஃபிலிம்கள் ஆறினை ஒன்றையொன்று தொடாதபடி வளைத்துப் பிடித்துக்கொள்ளும். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் எழும் புகார், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் கரைசல் தேவைப்படுகிறது என்பதுதான். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் புகார் நியாயமாகப் படலாம். ஆண்டின் பெரும்பகுதி குழாய்த் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டியே வரும் தமிழ்நாட்டில், அந்த ஒரு லிட்டர்தான் இக்கருவியை வாங்குவதற்கான முதல் காரணம் என்று கருதுகிறேன்.

ஷீட் ஃபிலிமைப் போட்டு எடுக்கும் பெரிய கேமராவில், அதாவது லார்ஜ் ஃபார்மட் கேமராவில், எடுப்பவர்களுக்கு வீட்டில் கழுவுவது விருப்பத்தைவிடத் தேவையாகவே அமைகிறது. 35 மி.மீ. சுருளைக் கழுவித் தரும் லேப்புகளே அருகிவிட்ட நிலையில், ஷீட் ஃபிலிமைப் பொறுப்பாகக் கையாளும் இடத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். பிடித்தாலும், ஃபிலிமைக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, ஷீட் ஃபிலிமின் சிறப்பே ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகக் கவனிக்க முடிவதுதான். உச்சிவெயிலில் எடுத்த கோயில் பிராகாரத்துக்கு படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் நேரத்தைக் குறைத்து ஒளி-நிழல் மாறுபாட்டைத் தணிக்கலாம். மேகமூட்டமான நாளில் எடுத்த வயல்வெளிக்கு நேரத்தைக் கூட்டி உயிர் கொடுக்கலாம். 36 படங்கள் ஒரே சுருளில் இருக்கும்போது இந்தச் சுதந்திரம் கிடையாது. அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால் கழுவும் வேலை நம் கையில் இருக்க வேண்டும், அந்த வேலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கவும் வேண்டும்.

செலவே இல்லாத பழைய முறை, தட்டில் கழுவுவது. மூன்று தட்டுகளில் டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர் ஆகியவற்றை ஊற்றிவைத்து, ஃபிலிம்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அடியில் இருப்பதை எடுத்து மேலே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர்கள் இம்முறையில் மிக அழகான நெகட்டிவ்களை உருவாக்குகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எஃப்பி4 பிளஸ், எச்பி5 பிளஸ் போன்ற ஃபிலிம்கள் எல்லா நிற ஒளிக்கும் உணர்வுள்ளவை; சிவப்பு விளக்குகூட ஏற்றக் கூடாது. ஃபிக்ஸரில் சேரும் வரை கும்மிருட்டில் நிற்க வேண்டும். வீட்டில் இருட்டறை என்று தனி அறை இல்லாமல், குளியலறையின் கதவிடுக்கில் துணி அடைத்துப் புழுங்கிக்கொண்டு நிற்பவருக்கு அது பெரும் சிரமம். அகலமாகத் திறந்து கிடக்கும் தட்டில் கரைசலின் வெப்பநிலை அறையின் வெப்பத்தை நோக்கி விரைவாக ஏறிவிடும், அதிலேயே முழுநேரமும் அளையும் கைகளின் சூடும் சேர்ந்துகொள்ளும். ஒரு தாளின் மூலை இன்னொன்றின் நனைந்த எமல்ஷனை, அதாவது ஒளியுணர்வுள்ள பூச்சை, கீறிவிடும் ஆபத்து வேறு. மாட் 54இல் இருட்டு தேவைப்படுவது ஃபிலிமை ஏற்றும்போது மட்டுமே. டேங்கை மூடியபின் விளக்கைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம்.

ஏற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இக்கருவியைப் பற்றிய நல்ல அபிப்பிராயமும் கெட்ட அபிப்பிராயமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உருவாகின்றன. சட்டகத்தின் மேலும் கீழும் இதழ்களைப் போன்ற பிடிப்புகள் உள்ளன. ஃபிலிமின் ஐந்து அங்குலப் பக்கம் நெட்டுக்குத்தாக நிற்க, நான்கு அங்குல அகலம் வில்லைப்போல் வளைந்து அந்தப் பிடிப்புகளுக்குள் அமர்கிறது. நடுக்குழாயின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று தாள்கள் அடுக்கடுக்காக நிற்கும். எமல்ஷன் நடுக்குழாயைப் பார்த்து உள்நோக்கி இருக்க வேண்டும். எமல்ஷன் எந்தப் பக்கம் என்பதை இருட்டில் அறியத்தான் ஷீட் ஃபிலிமின் ஓரத்தில் சிறு வெட்டுகள் போட்டிருக்கிறார்கள்: தாளை உயரவாக்கில் பிடித்து, வெட்டுகள் மேல்புறம் வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், எமல்ஷன் நம்மை நோக்கி இருக்கிறது என்று பொருள். உட்புற இடத்திலிருந்து தொடங்கி வெளிப்புறத்துக்கு வர வேண்டும். வளைத்த தாளைக் கீழ்ப் பிடிப்பில் இறக்கி, மேல் பிடிப்பில் லேசாக அழுத்தும்போது, அது விரலிலிருந்து விடுபட்டுத் தன் இடத்தில் போய் நிற்பதை உணர முடியும். அதன்பின் அதன் இரு ஓரங்களையும் மேலிருந்து கீழ்வரை நுனிவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட வேண்டும். ஓரம் முழுக்க நேராக ஓடினால் தாள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எங்காவது பிதுங்கினால் பக்கத்துத் தாளை அது தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்புண்டு, எடுத்து மறுபடி வைப்பதே நல்லது.

பகல் வெளிச்சத்தில், வீணாய்ப்போன ஒரு தாளை வைத்துக் கண்ணால் பார்த்துப் பழகி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பழகி, அதன்பிறகே இருட்டுக்குப் போவது நல்லது. இருட்டுப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைகளை நுழைத்துக்கொள்ளும் அந்தக் கறுப்புப் பைக்குள் சில நிமிடங்களிலேயே வியர்வை கசிந்துவிடுகிறது. ஈர விரல் பட்ட ஃபிலிம் பிடிப்பில் வழுக்கிச் செல்லாமல் ஒட்டிக்கொள்ளும், எமல்ஷனில் ரேகையும் பதியலாம். ஆறு தாள்களை ஏற்றும் வேலைக்கு, இரவில் ஜன்னலில்லாத அறை ஒன்றில் விளக்கணைத்துவிட்டு மேசையின் முன் உட்கார்வதே சிறந்தது. அது இயலாதவர்கள், துணி கையில் வந்து விழாதபடி கம்பிகளால் நிமிர்ந்து நிற்கும் கூடார வகைப் பையை வாங்க வேண்டும்.

இனி அந்த ஒரு லிட்டருக்கு வருவோம். கறுப்பு வெள்ளை டெவலப்பர்களுக்குப் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை அடிப்படையாக வைத்தே நேரம் கொடுத்திருப்பார்கள். இல்ஃபோர்டின் கணக்குப்படி, 20 டிகிரியில் 4 நிமிடம் பிடிக்கும் வேலை 23 டிகிரியில் 3 நிமிடத்தில் முடிந்துவிடும். அதாவது மூன்று டிகிரி ஏறினால் நேரத்தில் கால்பங்கு போய்விடுகிறது. கழுவும்போது நடுவில் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், நாம் கடிகாரத்தில் பார்க்கும் நேரத்துக்கும் ஃபிலிம் உண்மையில் பெற்ற வளர்ச்சிக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. அறை 33 டிகிரியில் இருக்கும்போது 300 மி.லி. கரைசல் எவ்வளவு விரைவில் சூடேறுமோ, ஒரு லிட்டர் அவ்வளவு விரைவில் ஏறாது. 24 டிகிரியில் ஊற்றிய டெவலப்பரை எட்டு நிமிடம் கழித்து வெளியே வடிக்கும்போது வெப்பமானி ஒரு டிகிரி அளவுக்குள்தான் ஏறியிருக்கிறது. டேங்கை அதே வெப்பநிலையுள்ள தண்ணீர் பக்கெட்டில் இடையிடையே நிறுத்திவைத்தால் அந்த ஏற்றமும் இராது. ஏசி இல்லாத வீட்டில் இத்தகைய நிலைத்தன்மையை வேறெந்தச் சிறிய டேங்கும் இவ்வளவு எளிதாகத் தருவதில்லை.

20 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமென்று ஐஸ் கட்டியோடு போராடுவதைவிட, 24 டிகிரியை நம் வீட்டு அளவாக நிர்ணயித்துக்கொள்வது மேல். ஐடி-11 டெவலப்பரைச் சமபங்கு நீரில் கலந்து பயன்படுத்தும்போது இது மிகச் சுலபம். பாட்டிலில் உள்ள மூலக்கரைசல் 32 டிகிரியில் இருந்தால் அதில் அரை லிட்டரை எடுத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜில் வைத்திருந்து 16 டிகிரிக்கு வந்துள்ள நீரில் அரை லிட்டரைச் சேர்த்தால் ஒரு லிட்டர் டெவலப்பர் 24 டிகிரியில் கையில் நிற்கிறது. எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு இந்தக் கலவையில் 20 டிகிரிக்கு இல்ஃபோர்ட் தரும் நேரம் 11 நிமிடம்; 24 டிகிரிக்கு அது ஏழரை நிமிட அளவுக்கு வருகிறது. ஐந்து நிமிடத்துக்குக் குறையாதவரை சீரான வளர்ச்சி கிடைக்கும் என்பது பொதுவான விதி, அதற்குள் வசதியாகவே அடங்குகிறது. ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், அலசும் நீர் ஆகியவையும் அதே வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும். நனைந்த எமல்ஷன் சூடான நீரில் இளகிவிடும். ஒரு கரைசலுக்கும் அடுத்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தால் அதில் நுண்ணிய சுருக்கங்கள் விழக்கூடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் வெந்நீரை நேரே டேங்கில் பிடிப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் என்பதால் மருந்து வீணாகிறது என்ற வாதத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4×5 தாள் ஒன்றின் பரப்பு 20 சதுர அங்குலம். நான்கு தாள்கள் சேர்ந்தால் 36 படங்கள் கொண்ட ஒரு 35 மி.மீ. சுருளுக்குச் சமம். ஆறு தாள்கள் என்பது ஒன்றரைச் சுருள். எச்சி-110 போன்ற கெட்டியான டெவலப்பரில் ஒரு சுருளுக்குக் குறைந்தது 6 மி.லி. மூலத்திரவம் இருக்க வேண்டும் என்பது அதை நெடுங்காலம் கையாண்டவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் ஆறு தாளுக்கு 9 மி.லி. வேண்டும். எச்பி5 பிளஸ் ஃபிலிமை வழக்கமான 1+31 கலவையில், அதாவது ஒரு பங்கு மூலத்திரவத்துக்கு 31 பங்கு நீரில், கழுவினால் 20 டிகிரியிலேயே 5 நிமிடம்தான். 24 டிகிரியில் மூன்றரை நிமிடத்துக்கு இறங்கிவிடும், அவ்வளவு குறுகிய நேரத்தை நம்ப முடியாது. அதையே 1+63 என்று இருமடங்கு நீர்க்கச் செய்து நேரத்தையும் இருமடங்காக்கினால், 24 டிகிரியில் ஏறத்தாழ 7 நிமிடம் கிடைக்கிறது. ஒரு லிட்டரில் இந்தக் கலவைக்குச் செலவாகும் மூலத்திரவம் 16 மி.லி.க்கும் குறைவு, ஆனால் தேவைப்படும் 9 மி.லி.யைவிட அதிகம். 300 மி.லி. மட்டும் பிடிக்கும் டேங்கில் இதே அளவு நீர்க்கச் செய்தால் ஐந்து மி.லி.கூட இராது, ஆறு தாளுக்கு அது போதாது. நீர்த்த கலவை, நீண்ட நேரம், போதுமான மருந்து ஆகிய மூன்றும் வெப்பநாட்டில் ஒருசேர அமைவது கொள்ளளவு பெரிதாக இருப்பதால்தான். ஃபிக்ஸரைப் பொறுத்தவரை, அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்பதால் ஒரு லிட்டர் என்பது செலவுக் கணக்கிலேயே வராது. வெட்டியெடுத்த ஒரு ஃபிலிம் துண்டைப் போட்டுப் பார்த்து, அது தெளிவதற்குப் புதிதில் பிடித்ததைப்போல் இருமடங்கு நேரம் பிடித்தால் அந்த ஃபிக்ஸருக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். வெள்ளி கரைந்திருக்கும் அந்தத் திரவத்தைச் செடிகளுக்கோ கிணற்றடிக்கோ ஊற்றக் கூடாது.

குலுக்கும் முறையில் நிதானம் வேண்டும். பேட்டர்சன் டேங்கோடு வரும் சுழற்றுத் தண்டு இங்கே ஏற்றதல்ல. தாள்கள் பிடிப்பிலிருந்து விலகுவதற்கு அது வழிசெய்யும். டேங்கை மூடியோடு இரு கைகளாலும் பிடித்து மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து மெல்ல நிமிர்த்த வேண்டும். இல்ஃபோர்ட் பரிந்துரைப்பதைப்போல் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து விநாடிகளில் நான்குமுறை கவிழ்த்து, பிறகு காற்றுக் குமிழ்கள் அகல டேங்கின் அடியை மேசையில் தட்டினால் போதும். ஊற்றும்போதும் ஒரு லிட்டரையும் தயங்காமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பேட்டர்சனின் வாய் அகலமான புனல் என்பதால் அது சிரமமில்லை. வானம், சுண்ணாம்புச் சுவர் போன்று பரந்த ஒரே தொனியுள்ள படங்களில்தான் வளர்ச்சியின் சீரின்மை கண்ணில் படும். அத்தகைய படங்கள் இருக்கும் நாளில் நடு இடங்களைக் காலியாக விட்டு நான்கு தாள்களை மட்டுமே ஏற்றுகிறேன். தாள்களுக்கிடையே கரைசல் தாராளமாகப் புரள்வதால் வானம் ஓரம்வரை ஒரே அடர்த்தியாக வருகிறது. ஆறு ஏற்ற முடியும் என்பதற்காக எப்போதும் ஆறை ஏற்றியே ஆக வேண்டியதில்லை.

ஃபிலிமை ஓரங்களில் மட்டுமே தொடுவது இந்த வடிவமைப்பின் இன்னொரு நன்மை. பின்பக்கம் எதிலும் ஒட்டிக்கொண்டிருக்காததால், அங்குள்ள ஒளிச்சிதறல் தடுக்கும் சாயம் தடையின்றிக் கரைந்து வெளியேறுகிறது. முதலில் வடியும் கரைசல் நிறம் மாறி வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். பிடிப்புகள் தொடும் ஓரங்களோ, கேமராவில் தாளைப் பிடித்துவைக்கும் ஃபிலிம் ஹோல்டரின் விளிம்பு மறைப்பதால் படம் பதியாமல் விட்ட பகுதி. அங்கே சிறு தடம் விழுந்தாலும் படத்துக்குக் குறைவில்லை.

அலசுவதற்குக் குழாயை அரைமணிநேரம் திறந்துவைக்கும் பழக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊருக்கு ஆகாது. ஃபிக்ஸரை வடித்தபின் டேங்கை நீரால் நிரப்பி ஐந்துமுறை கவிழ்த்து வடித்து, மறுபடி நிரப்பிப் பத்துமுறை, மூன்றாவதாக இருபதுமுறை என்ற இல்ஃபோர்டின் முறையில் மூன்று லிட்டரில் வேலை முடிந்துவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும் என்பதால், கடைசி முக்கலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரையோ ஆர்ஓ நீரையோ பயன்படுத்துவது அவசியம். ஈரம் சீராக வழிந்தோட உதவும் வெட்டிங் ஏஜென்டை மாட் 54 இருக்கும் டேங்கில் ஊற்ற வேண்டாம். அது பிளாஸ்டிக்கில் தங்கி அடுத்தமுறை நுரைக்கும். தாள்களை வெளியே எடுத்து, தனித் தட்டில் முக்கியெடுத்து, ஒரு மூலையில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட வேண்டும். மின்விசிறி கூடாது, தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். எல்லோரும் குளித்து முடித்து, காற்றிலுள்ள தூசி அடங்கிய பின்னான குளியலறையே நம் வீடுகளில் இதற்குப் பொருத்தமான இடம்.

மற்ற கருவிகளையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அமெரிக்காவின் ஸ்டியர்மன் எஸ்பி-445 டேங்க் 475 மி.லி. கரைசலில் நான்கு தாள்களைக் கழுவுகிறது. தனி டேங்காகவே வருவதால் வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று படம் மட்டும் எடுப்பவருக்கும், ஏசி அறையில் வேலை செய்பவருக்கும் அதுவே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன். ஜெர்மனியின் ஜோபோ நிறுவனத்தினுடைய எக்ஸ்பர்ட் டிரம்கள் வளர்ச்சியின் சீர்மையில் இவை எல்லாவற்றையும் விஞ்சுபவை. தாள்களுக்குத் தனித்தனி உருளை அறைகள், சுழன்றுகொண்டே இருக்கும் கரைசல், மிகக் குறைந்த மருந்து. ஆனால் சுழற்றும் இயந்திரத்தோடு சேர்த்து வாங்கும் விலை, தொழிலாகச் செய்பவருக்கே கட்டுப்படியாகும். எதுவுமே வாங்காமல், எமல்ஷன் உட்புறமாக இருக்கும்படி தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுச் சாதாரண பேட்டர்சன் டேங்கில் நிறுத்திக் கழுவுபவர்களும் இருக்கிறார்கள். முதல் சில தாள்களைப் பார்த்துவிடும் ஆவலுக்கு அது போதும். பிறகு பின்பக்கச் சாயமும் ரப்பரின் தடமும் தொல்லையாகத் தோன்றத் தொடங்கும்.

மாட் 54க்குப் பேட்டர்சனின் மூன்று ரீல் டேங்க் வேண்டும். அதைவிடச் சிறிய டேங்கில் ஐந்து அங்குல உயரமுள்ள தாள் நிற்காது. அந்த டேங்க் ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்குச் சட்டகத்தின் விலையும் அதற்கான சுங்கவரியும் மட்டுமே செலவு. டேங்கைப் பழையதாக வாங்குவதானால், விற்பவரிடம் நடுக்குழாய் இருக்கிறதா என்று கேட்டு, புகைப்படமும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும். ரீல்களையும் மூடியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புக் குழாயை மட்டும் தொலைத்தவர்கள் நிறைய. மேல் புனலோடு சேர்ந்து உள்ளே ஒளி நுழையாமல் தடுப்பது அந்தக் குழாய்தான். அது இல்லாத டேங்கில் விளக்கைப் போட்டதுமே ஆறு தாளும் கறுத்துவிடும்.